உங்கள் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?



எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வேலைக்குப் போகத் தொடங்கியதும், "சம்பளம் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "உன் பெயரை எங்கேயாவது பதிந்திருக்கிறார்களா?"

ஒரு தாயார் தன் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பட்டறை வேலையில் கையில் அடிபட்டவன். இரண்டு வருடமாக வேலை செய்தவனிடம் வேலைக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, சொக்சோ இல்லை. சம்பளம் ரொக்கமாகக் கையில் கொடுக்கப்பட்டது. அவன் அங்கே வேலை செய்தான் என்று காட்டவே சாட்சி தேடி அலைய வேண்டியிருந்தது.

நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் பாட்டனுக்குக்கூட செக்ரோலில் பெயர் இருந்தது. பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். ஐந்தாம் படிவம் வரை படித்த பேரனுக்குப் பட்டணத்தில் எந்தப் பதிவும் இல்லை. இதுவா முன்னேற்றம்?

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். 2025 ஆகஸ்ட் 1 முதல் சிறு முதலாளிகளும் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஓவர்டைம் காசைச் சேர்த்து 1,700 என்று கணக்குக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது அடிப்படைச் சம்பளம்.

"இ.பி.எப். பிடிக்காவிட்டால் கையில் கூட வருமே" என்கிறார்கள் பிள்ளைகள். 1,700 வெள்ளிக்கு முதலாளி தன் பங்காகப் போட வேண்டியது 13 விழுக்காடு, அதாவது மாதம் 221 வெள்ளி. ஐந்து ஆண்டில் 13,260 வெள்ளி. இது முதலாளி போடும் பிச்சையல்ல, உங்கள் பிள்ளையின் உழைப்பு.

முதலாளி மறுத்தால் 'லேபர் ஆபீஸ்' என்று நாம் சொல்லும் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சம்பளப் புகாருக்கு வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமில்லை. நியாயமின்றி வேலையை விட்டு நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுங்கள். நாள் கடந்தால் உரிமையும் போய்விடும்.

அரசாங்கத்திற்கும் ஒரு கேள்வி. பதினொரு ஆண்டு பள்ளியில் வைத்திருந்து வெளியே அனுப்பும் பிள்ளைக்கு, சம்பளச் சீட்டைப் படிக்க ஒரு நாள் சொல்லிக் கொடுக்கக் கூடாதா? சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அதிகாரிகள் சோதனைக்குப் போக வேண்டாமா? இதைக் கேட்பது சலுகை அல்ல. இந்த நாட்டுப் பிரஜையின் உரிமை.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: வேலைக் கடிதம் எங்கே? சம்பளச் சீட்டு எங்கே? இ.பி.எப்., சொக்சோ எண்ணுக்குப் பணம் கட்டப்படுகிறதா? பதில் இல்லையென்றால் நாளையே கேட்கச் சொல்லுங்கள். அடிபட்ட பிறகு கேட்பதைவிட அது சுலபம்.