ஏரிஸ் வராமலே இருந்திருக்கலாம்

இன்று ஒரு சினிமா பற்றி எழுதுகிறேன். டீச்சருக்கு இந்த வயதில் காமிக்ஸ் படமா என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

'வொண்டர் வுமன்' 2017-இல் வந்த படம். உங்களில் பலர் தியேட்டரிலேயே பார்த்திருப்பீர்கள். நான் போன வாரம்தான் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல படம். டயானா கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பதுங்குகுழியை விட்டு மேலேறி, குண்டு மழைக்குள் தனியாக நடக்கிற காட்சியில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பகுதி எனக்கு ஒப்பவில்லை. முடிவைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை முதல் உலகப்போரின் கடைசி நாட்களில் நடக்கிறது. போர்க்கடவுள் ஏரிஸ்தான் மனிதர்களைக் கெடுக்கிறான் என்று அம்மா சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவள் டயானா. அவனைக் கொன்றால் போர் நின்றுவிடும் என்று நம்பித்தான் தீவை விட்டு வருகிறாள். ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப்தான் ஏரிஸ் என்று நினைத்து அவனை வாளால் குத்திக் கொல்கிறாள். போர் நிற்கவில்லை. கீழே சிப்பாய்கள் விஷவாயுக் குண்டுகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குற்றம் ஒரே ஒரு கெட்டவனிடம் இல்லை, நம் எல்லாரிடமும் இருக்கலாம் என்று ஸ்டீவ் அவளிடம் சொல்கிறான்.

முகமூடி போட்டவர்கள் சண்டை போடும் படங்களில் இப்படி ஒரு இடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கேள்வியோடு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சர் பேட்ரிக் என்ற ஆங்கிலேயப் பெரியவர் வந்து, தானே ஏரிஸ் என்கிறார். பிறகு மின்னல், நெருப்பு, ஆகாயத்தில் சண்டை. அவர் செத்ததும் விடிகிறது. ஜெர்மன் சிப்பாய்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு, கெட்ட கனவிலிருந்து விழித்தவர்கள்போல ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள்.

"அப்போ அந்த ஆள் செத்ததும் சண்டை நின்னுடுச்சா பாட்டி?" என்று கேட்டாள் பேத்தி. பத்து வயதுப் பிள்ளை அப்படித்தான் புரிந்துகொள்ளும். படம் காட்டுவதும் அதைத்தானே?

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். லூடன்டார்ஃப் கற்பனைப் பாத்திரம் அல்ல. எரிக் லூடன்டார்ஃப் ஜெர்மன் ராணுவத்தை நடத்திய இருவரில் ஒருவர். படத்தில் அவர் சமாதானம் கேட்கும் சக தளபதிகளை விஷவாயு வைத்துக் கொல்கிறார். உண்மையில் 1918 செப்டம்பர் கடைசியில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று தன் அரசை நெருக்கியவரே அவர்தான். அக்டோபரில் பதவி போனது. அதற்குப் பிறகுதான் பெரிய கேடு செய்தார். ராணுவம் தோற்கவில்லை, உள்நாட்டு அரசியல்வாதிகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பினார். 1923-இல் மியூனிக்கில் ஹிட்லரோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்க ஊர்வலம் போனார். வழக்கில் விடுதலையாகி, 1937 வரை உயிரோடு இருந்தார். அந்தப் பொய்தான் அடுத்த போருக்கு உரமானது. எந்தக் கடவுளும் அவர் காதில் ஓத வேண்டியிருக்கவில்லை.

படத்தில் விஷவாயு தயாரிக்கும் டாக்டர் மாருவையும் எடுத்துக்கொள்வோம். பாதி முகம் சிதைந்த, பார்த்தாலே பயம் வருகிற பெண். நிஜத்தில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு ஊருக்கு அருகே குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியல் பேராசிரியர். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர். இன்று நம் வயல்களில் போடும் யூரியாவுக்கு மூலம் அந்தக் கண்டுபிடிப்பு. நாட்டுக்குக் கடமை செய்கிறோம் என்று நினைத்த படித்த மனிதர். ஐந்தே மாதத்தில் பிரிட்டனும் லூஸ் போர்க்களத்தில் அதே வாயுவைப் பயன்படுத்தியது. இதைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

காமிக்ஸ் என்றால் இப்படித்தான், லாஜிக் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வீர்கள். அந்தக் காலத்து காமிக்ஸ்காரர்களே இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். 1940-இல் 'லுக்' பத்திரிகைக்காக வரைந்த இரண்டு பக்கக் கதையில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடித்து ஜெனீவாவில் கொண்டுபோய் நிறுத்துகிறார். போர் முடிந்தது! அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. இறங்கிய பிறகு அப்படி எழுத முடியவில்லை. தன் வீட்டுப் பையன்கள் நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கும்போது, சூப்பர்மேன் ஒரே நாளில் முடித்துவிட்டார் என்று எப்படி எழுதுவது? அதனால் 1942-இல் ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடித்தார்கள். ராணுவத்தில் சேரப் போகும் கிளார்க் கென்ட், கண் பரிசோதனையில் சுவரை ஊடுருவும் பார்வையால் பக்கத்து அறை அட்டையைப் படித்துவிட்டு ஃபெயிலாகிவிடுகிறார்! சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. போரின் பாரத்தைச் சுமப்பவர்கள் மனிதர்கள்தான், அதை மாயத்தால் இறக்கி வைக்கக் கூடாது என்ற மரியாதை.

ஏரிஸ் மூலக்கதையிலேயே உள்ள வில்லன், எப்படி விட முடியும் என்றும் கேட்கலாம். உண்மைதான். 1942-லிருந்தே மார்ஸ் என்ற பெயரில் வொண்டர் வுமன் கதைகளில் வருகிறான். விட வேண்டாம், அம்மா சொல்லும் கதையில் இருக்கட்டும். அவனைத் தேடி வந்தவள், அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் மனிதர்களைக் காப்பாற்ற முடிவெடுத்தால் அவள் இன்னும் பெரியவளாகத் தெரிவாளே! நான் ஆலோசனைதான் சொன்னேன், செய்தது மனிதர்கள் என்று ஏரிஸே படத்தில் சொல்கிறான் என்பீர்கள். வசனம் அப்படிச் சொல்கிறது. கட்டிக்கொள்ளும் சிப்பாய்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். பிள்ளைகள் மனதில் நிற்பது காட்சிதான். முதலில் வைத்திருந்த முடிவு இதைவிடச் சிறியது, ஸ்டூடியோ கடைசி நேரத்தில் மாற்ற வைத்தது என்று இயக்குநர் ஜென்கின்ஸே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார்.

ஏரிஸ் 1918-இல் செத்துவிட்டான் என்றால் 1939-இல் போரைத் தொடங்கியது யார்? இன்று நடக்கும் போர்களை நடத்துவது யார்? எல்லாப் பழியையும் போட ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. பொய்யை நம்பியவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், குண்டு ஏற்றியவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஸ்டீவ் பேசும் இடத்தில் நிறுத்தி, "போர் ஏன் நிற்கவில்லை?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.