கொசுவத்தி கால்குலேட்டரும் சித்தப்பா பாலிசியும்

போன மாதம் ஆபீசில் பக்கத்து டீம் நண்பர் ஒருவர் கர்ச்சீப்பில் சுற்றி ஒரு சாமான் கொண்டுவந்தார். பிறந்த குழந்தையைக் காட்டுவது மாதிரி மெதுவாகப் பிரித்தார். உள்ளே ஒரு கால்குலேட்டர். ஹெச்பி 12சி, 1980களில் அமெரிக்காவில் செய்தது. தங்க நிற முகப்பு, படுக்கை வாட்டத்தில் உடம்பு, அழுத்தினால் விரலுக்கு 'டிக்'கென்று பதில் சொல்லும் பொத்தான்கள்.

"பதினெட்டு சொன்னான், பதினாறாயிரத்துக்கு முடிச்சேன். இந்த மாதிரி இப்ப யாரு செய்யறா?" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கை நமநமத்தது. மகள் பி.காம் கடைசி வருஷம். சிஎஃப்ஏ முதல் நிலைக்குப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு பழைய 12சி வாங்கிக் கொடுத்தால் என்ன கம்பீரமாக இருக்கும் என்று நாலு நாள் கனவு கண்டேன். அந்தக் கனவு எப்படிக் கலைந்தது, கலைந்தபோது இன்னொரு கணக்கும் எப்படி வெளியே வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல ஊரை விட்டு வந்து, மாதச் சம்பளத்தில் கடனும் சேமிப்பும் நடத்துகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிதிக் கால்குலேட்டர் வேண்டும். ஆனால் அது புதுசாக, சாதாரணமாக, வீட்டில் யாரும் பயப்படாமல் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். பழங்காலப் பொருளை வாங்கி அலமாரியில் வைப்பது கொசுவத்தி சுற்றுவதுதான். அதைக் கணக்குப் போடுவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழசின் பெருமையை முதலில் கொடுத்துவிடலாம், நியாயம்னு ஒண்ணு இருக்கே. 12சி வந்தது 1981ல். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே முகத்தோடு இன்னும் விற்கிறது. இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய மின்னணுச் சாமான் உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா? ஒரு தடவை பேட்டரி போட்டால் வருஷக்கணக்கில் ஓடும். அதில் சமக்குறி பொத்தானே கிடையாது. ஆர்பிஎன் என்கிற முறை: 2 அழுத்தி என்டர், 3 அழுத்தி, கடைசியில் கூட்டல். வெள்ளைக்காரனுக்கு இது தலைகீழாகத் தெரியுமாம். நமக்கு என்ன தலைகீழ்? "ரெண்டையும் மூணையும் கூட்டு" என்றுதானே நாம் பேசுகிறோம்! வினை கடைசியில் வரும் தமிழனுக்காகவே செய்த மெஷின் என்று நானே பெருமை பீற்றியிருக்கிறேன்.

சரி, பெருமை முடிந்தது. இப்போது வாங்கப் போவோம்.

பழைய 12சி என்று யாராவது எஸ்பி ரோட்டிலோ இணையத்திலோ நீட்டினால், பின்பக்கம் வரிசை எண்ணைப் பாருங்கள். அந்தக் காலத்து எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தோடு 60ஐக் கூட்டினால் தயாரித்த வருஷம், அடுத்த இரண்டும் வாரம், பின்னால் வரும் எழுத்து ஏ என்றால் அமெரிக்கா, எஸ் என்றால் சிங்கப்பூர். 25 என்று ஆரம்பித்தால் 1985. மூடியைத் திறந்து பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். ஆன் பொத்தானை அழுத்திக்கொண்டே பெருக்கலையும் அழுத்தி, ஆனை முதலில், பெருக்கலை அடுத்து விடுங்கள். தன்னைத்தானே சோதித்துவிட்டு வரிசையாக எட்டு எட்டாகக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் தேறினாலும் என் ஆட்சேபம் தேறாது. பழைய 12சியில் கடனுக்கு வட்டி விகிதம் கண்டுபிடிக்கச் சொன்னால் 'ரன்னிங்' என்று கண் சிமிட்டிக்கொண்டு யோசிக்கும். 2008ல் உள்ளே சில்லை மாற்றிய பிறகு வந்தவற்றில் அந்தத் தாமதம் இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி சீட்டு. பெங்களூரில் சீட்டுக் கட்டாத தமிழ்க் குடும்பம் உண்டா? 25 பேர், 25 மாதச் சீட்டு. ஏலத் தள்ளுபடியால் மாதா மாதம் கட்டும் தொகை மாறும். கடைசிவரை கட்டி எடுத்தால் உண்மையில் என்ன வட்டி கிடைத்தது என்று பார்க்க, 25 தொகையையும் தனித்தனியாகப் போட வேண்டும். 12சியில் முதல் தொகை போக 20க்குத்தான் இடம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ்ஸில் முதல் தொகை போக 24. கூட்டிப் பாருங்கள், சரியாக 25! நம்ம அல்சூர் அக்காவின் சீட்டை மனசில் வைத்தே செய்தது மாதிரி இருக்கிறது. அந்தக் கம்பெனி 1985லேயே இங்கே வடிவமைப்பு மையம் திறந்தது, பெங்களூருக்கு அப்படி வந்த வெளிநாட்டுக் கம்பெனிகளில் முதலாவது. ஆனால் நான் சொல்வது ஊர்ப்பாசத்தால் அல்ல.

புதுசிலும் பள்ளம் உண்டு. பிஏ டூ பிளஸ்ஸை டப்பாவிலிருந்து எடுத்து 2 கூட்டல் 3 பெருக்கல் 4 என்று அழுத்தினால் 14 வராது, 20 வரும். வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். வருஷத்துக்கு எத்தனை தவணை என்ற இடத்தில் 1 இருக்கிறதா 12 இருக்கிறதா என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் விடை நாறிவிடும். கையை விட்டுப் போகும் பணத்துக்குக் கழித்தல் குறி போட மறந்தால் 'எரர் 5' என்று முறைக்கும். வேடிக்கை என்னவென்றால் 12சியும் இந்த விஷயத்தில் அதே 'எரர் 5'தான் சொல்லும்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிஎஃப்ஏ தேர்வு அறைக்குள் இரண்டு வகைக்குத்தான் அனுமதி: 12சி குடும்பம், பிஏ டூ பிளஸ் குடும்பம். ஆனால் பிள்ளை சிஏ படித்தால் இரண்டுமே வேண்டாம். அந்தத் தேர்வில் 6 செயல்பாடு, 12 இலக்கம், 2 நினைவகத்துக்கு மேற்பட்ட கால்குலேட்டருக்கு இடமில்லை. மளிகைக்கடை கால்குலேட்டர் போதும். ரெண்டும் கணக்குப் படிப்புதானே என்று காசைக் கரியாக்காதீர்கள்.

"எல்லாம் சரி, போன்ல ஆப் இருக்கே, எக்செல் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. கடைசியாக எப்போது போட்டீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது. 2005ல் மகள் பிறந்த மூணாவது மாதம். மடிவாளாவில் வாடகை வீடு. ஊரிலிருந்து சித்தப்பா முறுக்கு டப்பாவோடு வந்தார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்ததில் பாதி அவர் பங்கு. சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். "வருஷம் இருபத்தஞ்சாயிரம், இருபது வருஷம். ஒம்போது லட்சம் கையில. புள்ளைக்குக் கல்யாணச் செலவு தீந்துச்சுப்பா." அஞ்சு லட்சம் கட்டினால் ஒம்போது லட்சம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! தங்கமணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் கண்ணாலேயே அடக்கிவிட்டேன். சித்தப்பா முன்னாடி கணக்குக் கேட்பதா? கையெழுத்துப் போட்டேன்.

போன வருஷம் பணம் வந்தது. சொன்னபடி ஒம்போது லட்சம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பெருமையாக மகளிடம் சொன்னேன். அவள் புதிதாக வாங்கிய கால்குலேட்டரை எடுத்தாள். (என் 12சி கனவுக்கு அவள் சொன்ன பதில்: "அப்பா, நீங்க மியூசியம் வையுங்க, எனக்கு இது போதும்." விலை நண்பர் கொடுத்ததில் கால்வாசி கூட இல்லை.) வருஷ ஆரம்பத்தில் கட்டுவது என்று மாற்றினாள். தவணை 20, கட்டியது 25,000, வந்தது 9,00,000. ஒரு பொத்தான்.

"5.3 சதவீதம்ப்பா."

நான் நம்பவில்லை. தப்பா அழுத்தியிருப்பாய் என்றேன். "வருஷக் கடைசியில கட்டினதா வச்சா 5.8 வரும். ஆனா நீங்க ஆரம்பத்துலதானே கட்டினீங்க?" என்றாள். அந்த இருபது வருஷத்தில் பிபிஎஃப் வட்டி 7.1க்குக் கீழே போனதே கிடையாது. ஆரம்பத்தில் எட்டு. அந்தக் குறைந்தபட்ச 7.1ஐயே முழுக்க வைத்தாலும் பதினோரு லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். பாலிசியில் உயிர்க் காப்பீடும் சேர்ந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு நான் கொடுத்த விலை ரெண்டு லட்சத்துக்கும் மேல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டது தங்கமணி. அவளையும் நான்தான் அடக்கினேன்.

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. தெரியாத ஒருவர் தெரியாத இன்னொருவனுக்குப் பாசத்தோடு விற்றார். நம் ஜனங்களிடம் இது மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. கன்னடம் பேசுகிற கடைக்காரரிடம் அஞ்சு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுவோம். நம்ம ஊர்க்காரர், நம்ம சொந்தம் என்றால் அஞ்சு லட்சத்துக்குக் கண்ணை மூடிக் கையெழுத்து. கணக்குப் போட்டால் மரியாதைக் குறைவாம்!

போன் இதற்கு உதவாது என்று நான் சொல்வது இதனால்தான். பெரியவர் பேசும்போது போனைக் குடைந்தால் அவமதிப்பு. வாட்ஸ்அப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார். மேசை மேல் ஒரு கால்குலேட்டர் கிடந்து, "இருங்க சித்தப்பா, ஒரு நிமிஷம் போட்டுப் பாத்துருவோம்" என்று சிரித்துக்கொண்டே எடுத்தால் அவரும் எட்டிப் பார்ப்பார். அந்தப் பொருள் அங்கே கிடப்பதே பாதி வேலை.

கடனுக்கும் இதே கதை. "12 சதவீதம் ஃபிளாட்" என்பான். ஒரு லட்சம், மூணு வருஷம். வட்டி 36,000. மாதம் 3,778 ரூபாய். பொத்தானை அழுத்துங்கள்: உண்மையான வட்டி 21.2 சதவீதம். 2,000 ரூபாய் கட்டணம் முதலிலேயே பிடித்துக்கொண்டால் 22.7. அசல் மாதா மாதம் குறைகிறது, வட்டியை மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசிவரை வாங்குகிறான். அவ்வளவுதான் சூட்சுமம். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட விகிதத்தை முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லது. கேட்டு வாங்குங்கள். ஆனால் சீட்டுக்கும் சித்தப்பா கொண்டுவரும் ஃபாரத்துக்கும் அந்தத் தாள் வராது. அங்கே நீங்கள்தான் போட வேண்டும்.

ஆர்பிஎன் உங்களுக்குப் பழகிவிட்டதா? புது 12சி வாங்குங்கள், சண்டை இல்லை. சேகரிப்பதில் ஆசையா? பழசையும் வாங்குங்கள், ஆனால் அதை ஆசை என்றே சொல்லுங்கள். பதினாறாயிரம் கொடுத்து வாங்கியதைக் குழந்தை தொட்டால் பதறுவீர்கள், மனைவி தொட்டால் "அதுல சமக்குறி இல்லம்மா, உனக்கு வராது" என்பீர்கள். கடைசியில் வீட்டில் கணக்குத் தெரிந்தவர் மறுபடியும் ஒரே ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் 2005ல் என்ன லட்சணத்தில் கணக்குப் பார்த்தார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிஏ டூ பிளஸ் கிடக்கிறது. மகளுடையது அல்ல, வீட்டுக்கென்று வாங்கிய இரண்டாவது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் தாண்டி ஒரு மனை, மாதத் தவணை என்று மச்சான் ஒருத்தன் நோட்டீசோடு வந்தான். நான் பேச ஆரம்பிப்பதற்குள் தங்கமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தவணை எத்தனை மாசம், தம்பி?" என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்க விடாத கேள்வி. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு கால்குலேட்டரை அவள் பக்கம் தள்ளினேன்.

டிஸ்கி: மச்சான் மனை பற்றி "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று போயிருக்கிறான். அவனும் ஒரு கால்குலேட்டர் வாங்கப் போகிறானாம். புதுசுதான் வாங்குவான், நான் பார்த்துக்கொள்கிறேன்.