சொல்லும் பொருளும்: உள்வாடகை



சென்ற வாரம் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் மாதாமாதம் ஒழுங்காகக் காசு கட்டினேன். என்னை எப்படி எழும்பச் சொல்லலாம்?" அவர் பிள்ளைகளோடு ஒரு வீட்டின் பின்பகுதியில் இருந்தவர். வாடகையை முன்பகுதியில் இருந்த அம்மாவிடம் கொடுத்துவந்தார். அந்த அம்மாதான் வீட்டுக்காரி என்று நினைத்திருந்தார். வெளிநாட்டில் இருந்த உண்மையான உரிமையாளர் வந்த பிறகுதான், அந்த அம்மாவும் வாடகைக்கு இருந்தவர் என்பது தெரியவந்தது. இவர் கொடுத்த முற்பணத்துக்குத் துண்டும் இல்லை, சாட்சியும் இல்லை.

இதற்குத்தான் 'உள்வாடகை' என்று பெயர். வாடகைக்கு எடுத்தவர், தான் எடுத்ததை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது. காணி, வயல், கடை என்றால் 'உட்குத்தகை' என்போம். உறுதிகளிலும் கடிதங்களிலும் 'உபகுத்தகை' என்றும் எழுதுவார்கள். பெயர் வேறானாலும் பொருள் ஒன்றுதான்.

'ஒற்றி' இதுவல்ல. ஒற்றியில் காசைக் கொடுத்துக் காணியை அனுபவிக்கிறோம். காசு திரும்பும்போது காணியும் திரும்பும். 'வாரம்' என்பது விளைச்சலில் பங்கு. இந்தச் சொற்களை மாற்றிப் பேசினால் பிறகு வழக்கிலும் மாறிவிடும்.

உள்வாடகையில் நாம் மறக்கக்கூடாத விடயம் ஒன்று உண்டு. தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. முன்வீட்டு அம்மாவுக்கு ஒரு வருடம்தான் இருக்க உரிமை என்றால், அவர் நமக்கு இரண்டு வருடம் தரமுடியாது.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. வீட்டுக்காரரின் எழுத்துமூலமான முன் சம்மதம் இல்லாமல் வாடகையாளர் உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால், இருவரையும் வெளியேற்ற வழக்குப் போடும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டாயிற்று. அதே சட்டம், ஓர் அறையைப் பாவிக்க விட்டதனால் மட்டும் ஒருவர் உள்வாடகையாளர் ஆகமாட்டார் என்றும் சொன்னது. தனியான ஒரு பகுதியை, தன் ஆளுகையை விட்டுக்கொடுத்து, வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்தால்தான் அது உள்வாடகை.

1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். இருக்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று நுழைந்தோம். யாருடைய வீடு, யாருடைய காணி என்று கேட்க அப்போது நேரமும் இல்லை, நெஞ்சும் இல்லை. அது யாருடைய பிழையும் அல்ல. ஆனால் இன்று வாடகை கொடுத்து இருக்கும் சகோதரிகள் கேட்கத்தான் வேண்டும்.

முதலாவது, "இந்த வீடு உங்கள் பெயரிலா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. இரண்டாவது, அவர் வாடகைக்கு இருப்பவர் என்றால், உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைப் பார்த்து ஒரு பிரதி வாங்குங்கள். மூன்றாவது, முற்பணத்துக்கும் மாத வாடகைக்கும் திகதியும் கையொப்பமும் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்கினாலும் நல்லது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்கு வீடோ காணியோ குத்தகைக்கு எடுப்பதென்றால் வாய்ப்பேச்சு போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி அது நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால், காசு கைமாறுமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பிணக்கு வந்துவிட்டால் தனியே அழுதுகொண்டு இருக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். பேசித் தீர்க்கக்கூடியதை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம்.

உங்களில் சிலர் உள்வாடகைக்கு விடுபவர்களாகவும் இருப்பீர்கள். ஓர் அறையின் வாடகையில் பிள்ளைகளைப் படிப்பிப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கும் ஒரு வார்த்தை: உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வந்திருப்பவளோடு சேர்ந்து நீங்களும் தெருவுக்கு வரவேண்டியிருக்கும்.