வெட்கத்தால் வரும் பிராணாபாயம்

பொதுஜனங்கள் வாய்திறந்து பேசக் கூசும் விஷயம் ஒன்றைப்பற்றி இன்று எழுதத் துணிகிறோம். பத்திரிகையில் பேசத்தக்க விஷயமா இது என்று நம் நேயர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பேசாமலிருப்பதால் மனிதர் மடிவரெனின், அதற்கு அஞ்சுவது நமக்கு அழகன்று. ஆண்மைக் குறைவுக்கென்று, வைத்தியர் சீட்டின்றிக் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கப்படும் மாத்திரைகளையே குறிப்பிடுகிறோம்.

டில்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் வெளியிட்ட மரண விவரமொன்று 2023-ம் வருஷத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. 41 வயதுடைய ஒருவர், எவரையும் கலவாமல், 50 மில்லிகிராம் ஸில்டெனாபில் மாத்திரை இரண்டை மதுவுடன் உட்கொண்டார். மறுநாட் காலையில் வாந்தி கண்டது. உடனிருந்தவர் வைத்தியரிடம் போகுமாறு சொல்லியும், முன்பும் இப்படி நேர்ந்ததுண்டென்று மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரி சேரும்போது உயிரில்லை. மூளையில் சுமார் 300 கிராம் ரத்தம் உறைந்து கிடந்தது. இருதயச் சுவர்களும் தடித்திருந்தன. இத்தகைய மரணம் அபூர்வமே. மாத்திரை ஒன்றே காரணமென்று சாதிக்கவும் நாம் வரவில்லை. ஆயினும், அவர் முன்னதாக ஒரு வைத்தியர் முன் உட்கார்ந்திருந்தால் அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்திருப்பார்கள் அல்லவா?

இம்மருந்து முதலில் மார்வலிக்காகவே இங்கிலாந்தில் ஆராயப்பட்டது. 1998-ல் அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்று இக்காரியத்துக்கு வந்தது. அறிந்தவர் கையால் கொடுக்கப்படின் நல்ல மருந்துதான். அது ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. மார்வலிக்கு நாவின்கீழ் வைக்கும் ஸார்பிட்ரேட் முதலிய நைட்ரேட் மருந்துகளும் அதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் கூடினால் ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே மோசம் வரும். ஸில்டெனாபில் உண்டபின் 24 மணி நேரமும், டாடலாபில் உண்டபின் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கலாகாதென்பது விதி. திண்டிவனத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் மார்வலி கண்டதாக வைத்துக்கொள்வோம். மனைவி மக்கள் சூழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் அவர், மாலையில் விழுங்கிய மாத்திரையைப்பற்றி வாய் திறப்பாரா? வைத்தியர்தான் ஞானதிருஷ்டியால் அறிவாரா?

இன்னொன்றும் உண்டு. ஆண்குறிக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் இருதயத்துக் குழாய்களைவிடச் சிறியவை. ஆதலால் நீரிழிவு, புகையிலை, கொழுப்பு இவற்றால் விளையும் அடைப்பு பலருக்கு முதலில் அங்கேதான் தெரிகிறது. சில வருஷங்கள் கழித்தே இருதயத்தில் தாக்குகிறது. அந்த எச்சரிக்கையைக் கடை மாத்திரையால் மறைத்துக்கொள்பவர், வீட்டில் புகை கண்டு கண்ணை மூடிக்கொள்பவருக்கு ஒப்பாவார்.

சட்டம் இல்லாமலில்லை. இம்மாத்திரைகள் சீட்டின்றி விற்கத்தகாத ஷெட்யூல் எச் மருந்துகள். ஆண்மை விருத்தி விளம்பரங்களை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. எனினும் பஸ் நிலையத்துச் சுவர்களில் அவற்றைக் காணாதார் யார்? 'மூலிகை' என்ற பெயரால் விற்கப்பட்ட பொடிகளிலும் ஸில்டெனாபில் கலந்திருந்தமை பல தேசங்களில் வெளிப்பட்டிருக்கிறது.

விழுப்புரம் ஜில்லாவின் மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளின் விற்பனைக் கணக்கைச் சீட்டுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மார்வலியென்று அங்கு வரும் ஒவ்வோர் ஆடவனையும், உறவினரை அப்பால் நிறுத்திவிட்டு, 'இரண்டு நாளைக்குள் அந்த மாத்திரை சாப்பிட்டதுண்டா?' என்று, நைட்ரேட்டை எடுக்குமுன், வைத்தியர்கள் கேட்பார்களாக.