திரும்பும் முன் சொல்லிவிட்டுத் திரும்பட்டும்



சாலைப் பாதுகாப்பு என்றாலே ஹெல்மெட், செல்போன், குடிபோதை என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதத்தை உயர்த்தியபோதும், ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று வண்டியை ஒடிப்பவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதற்காக ஒருவரை ஓரங்கட்டி நிறுத்தும் போக்குவரத்துக் காவலரைக் காண்பதும் அரிது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. திரும்பும் முன் சைகை காட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கான 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அவற்றை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 177ஏ பிரிவின்படி குறைந்தது 500 ரூபாயும் அதிகபட்சம் 1,000 ரூபாயும் அபராதம் விதிக்கலாம். இது ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

ரோட்டில் நடப்பது வேறு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ஜிஎஸ்டி சாலையில் சென்டர் மீடியன் இடைவெளி எதிலாவது கால் மணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும். ஷேர் ஆட்டோக்காரர் வெளியே நாலு விரலை மட்டும் நீட்டிவிட்டு யூ-டர்ன் அடிக்கிறார். பைக் ஓட்டுபவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மடியில் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிதான் கையை நீட்டி, வருகிற லாரியைப் பார்த்து ஆட்டுகிறார். அந்த வண்டியிலும் இண்டிகேட்டர் இருக்கிறது. இடது கட்டைவிரல் எட்டும் தூரத்தில் அதற்கான சுவிட்சும் இருக்கிறது.

கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக வருகின்றன. முதல் பதில், “பின்னாடிதான் யாருமே இல்லையே, யாருக்குப் போடுறது?” கண்ணாடியில் தெரிவதெல்லாம் சாலை ஆகிவிடாது. உயரத்தில், வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்குத் தன் இடப்பக்கம் ஒட்டி வரும் ஸ்கூட்டி தெரியாமலே போகலாம். முன்பெல்லாம் கிளீனர் இடப்பக்கம் எட்டிப் பார்த்துக் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். இப்போது பல லாரிகளில் கிளீனரே கிடையாது. லாரி இடப்புறம் ஒடியப்போகிறது என்று அந்த ஸ்கூட்டிக்காரருக்குச் சொல்ல அந்த மஞ்சள் விளக்கை விட்டால் வேறு நாதியில்லை. சாலையைக் கடக்க நிற்பவருக்கும் எதிரே வருபவருக்கும் அதுவே கணக்கு. ஓட்டுபவர் பார்த்துவிட்ட ஆளைவிட, பார்க்காமல் விட்ட ஆளுக்குத்தான் விளக்கு அதிகம் தேவை. ஆகவே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் போடுகிற சமாசாரம் அல்ல இது. எப்போதும் போட வேண்டியது.

இரண்டாவது பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. “போட்டா விடமாட்டான் சார், இன்னும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான்” என்பார்கள். நம் ஊரில் அதுவும் நடக்கிறது. ஆனால் பலர் இண்டிகேட்டர் போடுவதே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். நிமிடத்துக்கு 90 முறை சிமிட்டும் இண்டிகேட்டர் மூன்று முறை சிமிட்டி முடிக்க இரண்டு விநாடி ஆகும். அதற்குள் பின்னால் வருபவர் 33 மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று பஸ் நீளம், முன்னேறி வந்திருப்பார். கடைசி நொடியில் போட்டால் அவருக்கு ஒதுங்கவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை.

போடாததை விட மோசம் தப்பாகப் போடுவது. நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் சேர்த்துச் சிமிட்டவிடும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பக்கத்து வண்டி ஒரு பக்க விளக்கை மறைத்துவிட்டால், பார்ப்பவருக்கு அது திரும்பும் சைகையாகவே தெரியும். மழையில் ஹசார்டு லைட் போட்டு ஓடும் கார் தடம் மாறுவதை எவரும் கண்டுபிடிக்க முடியாது. நெடுஞ்சாலையில் வலது இண்டிகேட்டரை ஒரு லாரிக்காரர் ‘முந்திக்கொள்’ என்று போடுகிறார். அடுத்தவர் ‘நான் வலப்பக்கம் வருகிறேன், முந்தாதே’ என்று போடுகிறார். பின்னால் வருபவர் ஜோசியம் பார்த்துத்தான் முந்த வேண்டும்.

மறந்துபோய் எரியவிட்ட இண்டிகேட்டர் இன்னொரு தொல்லை. ஸ்டியரிங் நேரானதும் காரில் அது தானே அணைந்துவிடும். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் அணையாது. எதிரே வருபவர் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டினால்தான் உண்டு. நினைவூட்டக் கீச்சிடும் பஸ்ஸர் இருந்த வண்டிகளிலும், சத்தம் பிடிக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லி ஒயரைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பல்பு போனதும் யார் கண்ணிலும் படுவதில்லை. சொந்த உபயோகக் காருக்கும் பைக்குக்கும் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதுவரை எஃப்.சி. (தகுதிச் சான்று) என்ற பேச்சே இல்லை.

கோளாறு ஆர்டிஓ மைதானத்திலேயே தொடங்குகிறது. உரிய நேரத்தில் தெளிவாகச் சைகை காட்டுகிறாரா என்று தேர்வில் பார்க்கச் சொல்கிறது, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-வது விதி. நடைமுறையில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும் என்பதே ஊரறிந்த நிலை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த அறிக்கை விதிமீறல்களை அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, செல்போன் என்று பிரித்து எண்ணுகிறது. சைகை காட்டாமல் திரும்பியதற்கு அதில் தனிக் கட்டம் இல்லை. ‘இதர’ என்ற மூட்டைக்குள் போய்விடுகிறது. எண்ணப்படாத குற்றத்தை எந்த அதிகாரி தேடிப்போவார்?

போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. எட்டு போடும்போது இண்டிகேட்டர் போடாதவரை அன்றைக்கே திருப்பி அனுப்பட்டும். அரசு பஸ்களும் போலீஸ் ஜீப்புகளும் முதலில் போட்டுக் காட்டட்டும். 177ஏ பிரிவின்கீழ் சைகை காட்டாததற்காக எத்தனை வழக்குகள் என்று ஹெல்மெட் வழக்குகளோடு சேர்த்து மாவட்டவாரியாக வெளியிடட்டும். சாலைப் பாதுகாப்பு என்று ஜனவரிதோறும் பேரணி விடும் துறைகள், வருகிற ஜனவரிக்குள் அந்த எண்ணிக்கையை மக்கள் முன் வைக்குமா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கல்பட்டு.