பொது அறிவு யாருக்குப் பொது?

பொது அறிவு வளரவேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். நாமும் மறுக்கவில்லை. ஆயின், அப்பெயரால் நமது பாடசாலைகளிலும் போட்டிப் பரீட்சைகளிலும் பரிசளிப்பு மேடைகளிலும் இன்று கைமாறும் சரக்கு அறிவுதானா என்று கேளாதிருக்க எம்மால் இயலவில்லை.

இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலிற் செய்கைபண்ணியவர் யார்? ஜேம்ஸ் டெய்லர். நுளம்பே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு வழிகாட்டியவர் யார்? றொனால்ட் றொஸ். உலகின் மிக உயர்ந்த சிகரம் எது? எவரெஸ்ட். 'குவர்னிக்கா' ஓவியத்தைத் தீட்டியவர் யார்? பிக்காசோ. ஒலிம்பிக்கில் இலங்கைக்கு முதற் பதக்கம் ஈட்டியவர் யார்? டங்கன் வைற். கேள்வி முடியுமுன்னே மணியை அடிக்கும் மாணவனைப் பார்த்து அவை கைதட்டுகிறது. விடைகள் யாவும் சரியானவை. அவற்றோடு எமக்கு வழக்கில்லை. விடை கிடைத்த கணத்திலே கேள்வி செத்துவிடுகிறதே, அதைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

டெய்லரையே எடுத்துக்கொள்வோம். 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில், 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். ஆண்டும் ஏக்கரும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த 19 ஏக்கர்க் காட்டை வெட்டிச் சாய்த்த கைகள் யாருடையவை? 1869 இல் இலைநோய் வந்து கோப்பிச் செய்கையை அழித்தபோது, துரைமார் தேயிலைக்கு மாறினர். மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர்கள் எதற்கு மாறினர்? 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களின் பிரசாவுரிமை, அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் பறிபோனது எங்ஙனம்? 1964 இல் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் உனக்கு, 300,000 பேர் எனக்கு, மிகுதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று மனிதரைப் பங்கு பிரித்ததை எந்த வினாவிடைப் புத்தகம் கேட்கிறது? நாடற்றவராய் எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறும்வரை காத்திருந்த தலைமுறைகள் எத்தனை? நாம் புரட்டிய புத்தகங்களிலெல்லாம் டெய்லர் தவறாமல் வீற்றிருக்கிறார். அவரைத் தாண்டிப் போவதற்குத்தான் வழியில்லை. தோட்டப் பாடசாலையிலே படிக்கும் பிள்ளையும், தன் பாட்டனின் பாட்டன் செய்த வேலைக்கு 'ஜேம்ஸ் டெய்லர்' என்று விடை எழுதிப் புள்ளி பெறவேண்டியிருக்கிறது.

றொஸ் 1897 ஓகஸ்ட் 20 ஆம் திகதி செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசு பெற்றார். மேதைதான், ஐயமில்லை. அந்த நுளம்புகளுக்கு இரத்தம் கொடுத்தவர் ஹுசேன் கான் என்னும் நோயாளி. கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. விஞ்ஞானத்தின் வரலாற்றிலே இத்தனை துல்லியமாகக் கணக்கிடப்பட்ட கூலி வேறு உண்டோ தெரியாது. அது நிற்க. கிருமியும் நுளம்பும் இன்னவை எனத் தெரிந்து 37 ஆண்டுகள் கழித்து, 1934 - 35 இல், இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாயினர். மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்த கிராமத்து உடல்கள் காய்ச்சலைத் தாங்கவில்லை. அக்கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்துசென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் பலரே 1935 டிசம்பரில் இந்நாட்டின் முதல் இடதுசாரிக் கட்சியை அமைத்தனர். பிற்பாடு, 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது, விழிப்புத் தளர்ந்தது, அப்பத்தாண்டு முடியுமுன் நோய் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016 இல்தான் கிடைத்தது. விஞ்ஞானம், வரலாறு, புவியியல், அரசியல் ஆகிய நான்கும் ஒரே நுளம்பின் முதுகில் ஏறி வருகின்றன. நாமோ நான்கையும் நான்கு தலைப்புகளாக அரிந்து, ஐந்தைந்து புள்ளி போட்டுப் பரிமாறுகிறோம்.

எவரெஸ்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 1852 இல் அதன் உயரத்தைக் கணித்துச் சொன்னவர் ராதாநாத் சிக்தர் என்னும் வங்காளி. பெயரோ, ஓய்வுபெற்றுப் போன ஒரு வெள்ளைக்கார அளவை அதிகாரியுடையது. தம் பெயரை வைக்கவேண்டாமென அவரே மறுத்துப் பார்த்தார். 1865 இல் வைத்தேவிட்டார்கள். சோமொலுங்மா என்று திபெத்தியர் அழைத்துவந்த மலைக்கு ஊர்ப்பெயர் எதுவும் அகப்படவில்லையாம்! இதே சிக்தர், 1843 இல், அளவைப் பகுதித் தொழிலாளரைச் சட்டத்துக்கு மாறாக வேலைவாங்கிய ஆங்கில நீதவான் ஒருவரை எதிர்த்துநின்று 200 ரூபா அபராதம் கட்டியவர். இப்போது 8848.86 மீற்றர் என்று தசமதானம் வரை ஒப்புவிக்கும் நம் மாணவர்க்கு, இந்த 200 ரூபாவையும் சொல்லிவைத்தால் என்ன குறைந்துபோகும்?

இவ்வினாவிடை வடிவத்தை வெறும் விளையாட்டு என்பார் உளர். விளையாட்டுத்தான், ஆனால் அதற்கும் முதலாளி உண்டு. 1950 களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பொது அறிவுப் போட்டிகள் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தன. 'இருபத்தொன்று' என்ற போட்டியை நடத்தக் காசு கொடுத்தது ஒரு மருந்துக் கம்பனி. உடற்சோர்வுக்கு இரும்புச்சத்து மருந்து விற்பது அதன் தொழில். ஹேர்பேர்ட் ஸ்ரெம்பெல் என்ற நியூயோர்க் மாணவர், முன்னாட் படைவீரர், வாரந்தோறும் வென்றுவந்தார். விடைகளை முன்னரே சொல்லிக்கொடுத்ததோடு, பரிதாபத் தோற்றம் வேண்டுமென்று பொருந்தாத உடுப்பையும் மாட்டி நிறுத்தினர். பார்வையாளர்க்கு அவர் சலித்ததும் தோற்கும்படி பணித்தனர். 1955 ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படமாக ஒஸ்கார் பரிசு பெற்றது எது என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. இறைச்சிக்கடைத் தொழிலாளி ஒருவனின் எளிய கதை. ஸ்ரெம்பெல் விரும்பிப் பார்த்த படம். தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, பிழையான விடையைத் தேசத்தின் முன் உச்சரித்தார். அறியாமையையும் கூலிக்கு வாங்கலாம் என்பது 1956 டிசம்பரில் அவ்வாறு நிறுவப்பட்டது.

அவரை வென்றவராகக் காட்டப்பட்ட சார்ள்ஸ் வான் டோறன், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர், கவிஞரின் புதல்வர். 129,000 டொலர் வென்றார். புகழ்பெற்ற சஞ்சிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது. எங்கே தயங்குவது, எப்போது நெற்றியைத் துடைப்பது என்பதெல்லாம் முன்கூட்டிய ஒத்திகை என்று 1959 நவம்பர் 2 இல் காங்கிரஸ் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். 1960 இல் இத்தகைய மோசடியைத் தடுக்கச் சட்டம் வந்தது. மோசடியைச் சட்டம் தடுத்தது. அறிவு என்பது கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வியர்ப்பது என்ற எண்ணத்தை அது தொடவில்லை. அவ்வெண்ணமே கடல் கடந்து நம் பாடசாலை மண்டபங்களிலும் குடியேறியது.

எம் எதிர்த்தரப்பார் இங்கே ஒரு நியாயம் சொல்வர்: "விடயங்களே தெரியாத பிள்ளைக்குக் காரணத்தை எப்படிக் கற்பிப்பீர்கள்? முதலில் மனனஞ் செய்யட்டும்." இது புறந்தள்ளக்கூடிய வாதமன்று. நம் முன்னோர் திண்ணையிலிருந்து நிகண்டை நெட்டுருப் பண்ணினர். அதை இழிவென்று கருதும் நவீனர் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால், நிகண்டு கற்றவன் அடுத்த நாள் அதைக் கொண்டு செய்யுளைத் திறந்தான். இன்றைய மனனம் எதனைத் திறக்கிறது? புளூட்டோ 2006 இல் கிரகப் பட்டியலிலிருந்து நீங்கியது. பழைய புத்தகத்தை உருப்போட்டவனுக்குப் புள்ளி போயிற்று. சிட்னியில் 2000 இல் சுசந்திக்கா பெற்ற வெண்கலம் 2009 இல் வெள்ளியாயிற்று. விடை மாறிய காரணத்தை அறிந்தவனே விளையாட்டைப் பற்றி ஏதோ அறிந்தவன். உண்மையில் நாம் கேட்பது விடயங்களைக் குறைக்க அன்று. குவர்னிக்காவைத் தீட்டியவரோடு, 1937 ஏப்ரல் 26 இல் அவ்வூர்மேல் குண்டு பொழிந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்களையும், அவற்றை அழைத்த பிராங்கோவையும் சேர்த்தே கேளுங்கள் என்கிறோம். இன்றுள்ள பொது அறிவில் விடயம் போதாது என்பதே எம் முறைப்பாடு.

போட்டிப் பரீட்சையிலே இந்த ஒற்றைவரி விடைகளே உத்தியோகத்துக்கும் ஆளைத் தெரிகின்றன என்பதையும் மறக்கலாகாது. நகரத்திலே தனியார் வகுப்பும் வழிகாட்டி நூலும் வாங்க வல்லவனுக்கு அவை கைக்கெட்டிய கனி. கூப்பன் கடையிலும் வயலிலும் கொழுந்து மலையிலும் பொழுதைக் கழித்த பிள்ளை அறிந்தவை வேறு: எந்த மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும், ஒரு கிலோ கொழுந்துக்கு எத்தனை முறை குனிய வேண்டும், சங்கக்கடைக் கணக்கு எங்கே பிசகும். இவை ஏன் 'பொது' ஆகவில்லை? எண்ணிக்கையில் இவற்றை அறிந்தோரே இந்நாட்டில் அதிகம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். அடுத்த தவணைப் போட்டிக்கு வினாக்கொத்துத் தயாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையிலேதான் விழும். வழக்கமான புத்தகத்தைத் திறந்து முப்பது கேள்வியைப் பெயர்த்தெழுதவே கை விரையும். டெய்லரைக் கேளுங்கள். மணி அடித்து விடை வந்தபின், அதே குழுவிடம் இரண்டாவதாக ஒன்று கேளுங்கள்: அந்தக் காட்டை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லாமற் போனது ஏன்? யோசிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். மண்டபம் மௌனமாயிருக்கும், அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இருக்கட்டும். நேரம் போதாதென்றால், கேள்விகளில் பத்தைக் குறைத்துவிடலாம்.