மரத்தின் அளவறிந்து மருந்திடுக

சிம்லா மலைப்பகுதிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் ஆண்டு. ஏப்ரல் மாதக் காலைப்பொழுது ஒன்றில், பள்ளிக்குச் செல்லும் பாதையோரம் நனைந்து நின்ற ஒருவரைக் கண்டேன். மழை பெய்யவில்லை. அவர் ஆப்பிள் தோட்டத்தில் மருந்து தெளித்துக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளி. நீண்ட குழாயின் முனையிலிருந்து மருந்துநீர் மரத்தின் உச்சியை நோக்கிப் பீறிட்டது. இலைகளில் தங்கியது போக எஞ்சியது அவருடைய தலையிலும் தோளிலும் சொட்டி, வேரடி மண்ணில் இறங்கி, கீழே ஓடும் சிற்றோடையை நோக்கிக் கசிந்தது. மூக்கை மறைத்து ஒரு துண்டு கட்டியிருந்தார். அவருக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவே. ஒரு மரத்திற்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்னும் வினா அன்று என் மனத்தில் எழுந்தது.

இம்மலைகளின் வாழ்வே ஆப்பிளைச் சார்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஸ்டோக்ஸ் என்பவர் 1916-இல் கோட்கட் என்னும் ஊரில் ‘ரெட் டெலிசியஸ்’ வகைக் கன்றுகளை நட்டார். தோட்டங்கள் பெருகின, நோய்களும் உடன் வந்தன. சொறிநோய் என்னும் பூஞ்சை நோய் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகளாய்ப் பரவும். 1980-களின் தொடக்கத்தில் அது இமாச்சலத் தோட்டங்களைப் பெரிதும் வாட்டியது. ஆகவே மருந்தே வேண்டா என்று நான் கூறவில்லை. அளவு வேண்டும் என்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள தோட்டக்காரர் வீட்டுச் சுவரில் மருந்து அட்டவணை ஒன்று தொங்குகிறது. 200 லிட்டர் நீருக்கு இன்ன மருந்து இவ்வளவு என்று அது கூறும். ஆனால் அவருடைய தோட்டத்திற்கு எத்தனை டிரம் மருந்துநீர் வேண்டும் என்பதை அது கூறாது. அதனை வழக்கமே முடிவு செய்கிறது. தந்தை காலத்தில் எத்தனை டிரம்மோ, மகன் காலத்திலும் அத்தனை டிரம்!

என் தமிழ் வகுப்பில் ஏழு பேர். அவர்களை அழைத்துக்கொண்டு, அரை மீட்டருக்கு ஒரு கோடு இட்ட மூங்கில் கழியுடன் அத்தோட்டத்திற்குச் சென்றேன். கிளைகளும் இலைகளும் சேர்ந்து குடைபோல் விரிந்திருக்கும் பகுதியை மரத்தின் விதானம் என்பர். அதனையே அளந்தோம். பழைய மரங்கள் ஏறத்தாழ 5 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் கொண்டிருந்தன. வரிசைகளுக்கு இடையே 6 மீட்டர். அண்மையில் நட்ட குட்டை மரங்களோ 3 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம். வரிசை இடைவெளி 3 மீட்டர். ஒரு ஹெக்டேருக்குக் கணக்கிட்டோம். பழைய மரங்களின் விதானக் கன அளவு ஏறத்தாழ 41,700 கன மீட்டர். புதியவற்றின் அளவு 10,000 கன மீட்டர். நிலம் ஒன்றே, நனைக்க வேண்டிய பசுமையோ நான்கு மடங்கு வேறுபடுகிறது. நிலப்பரப்பைப் பார்த்து மருந்தைக் கலப்பவர் எங்கே தவறுகிறார் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டனர்.

மூங்கில் கழியால் இருபது மரங்களை அளக்கலாம். ஆயிரம் மரங்களை அளக்க முடியுமா? அதற்குத்தான் மின்னணு உணரிகள் வந்துள்ளன. மீயொலி உணரியின் இயக்கம் எளியது. நம் செவிக்கு எட்டாத ஒலியை அது அனுப்பும். இலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எதிரொலி 0.007 நொடியில் திரும்பினால், ஒலி போய்வந்த தொலைவு 2.4 மீட்டர், எனவே இலை இருப்பது 1.2 மீட்டருக்கு அப்பால். மர வரிசையின் நடுக்கோடு உணரியிலிருந்து 2 மீட்டர் எனில், அந்த உயரத்தில் விதானம் நம் பக்கமாக 0.8 மீட்டர் விரிந்திருக்கிறது என்று பொருள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உணரிகளைப் பொருத்தி, வரிசையோரமாக நகர்த்திச் சென்றால் முழு மரத்தின் கன அளவும் கிடைத்துவிடும். இம்முறையில் விதானத்தை அளப்பது குறித்து ஜைல்ஸ், டெல்விச், டாட் ஆகியோர் 1988-இலேயே அமெரிக்க வேளாண் பொறியியல் இதழில் எழுதினர். ‘லைடார்’ எனப்படும் கருவி ஒலிக்குப் பதிலாக லேசர் ஒளியைப் பயன்படுத்துகிறது. நொடிக்குப் பல்லாயிரம் புள்ளிகளைத் தொட்டு, மரத்தின் உருவத்தையே புள்ளிகளால் வரைந்துவிடும். ஸ்பெயின் நாட்டின் லெய்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள், பேரி மரங்களை இவ்வாறு அளந்துள்ளனர்.

உணரியும் பிழை செய்யும். காற்று 5 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது ஒலியின் வேகம் நொடிக்கு 334 மீட்டர். 25 டிகிரியில் 346 மீட்டர். காலைக் குளிரில் எடுத்த அளவும் நண்பகலில் எடுத்த அளவும் சற்றே மாறுபடும். நல்ல கருவி வெப்பநிலையையும் சேர்த்தே கணக்கிடும். மூடுபனியோ லேசர் ஒளியைச் சிதறடிக்கும். இம்மலையில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவற்றையெல்லாம் தோட்டக்காரரிடம் கூறினேன். அவர் சிரித்தார். “மாஸ்டர்ஜி, என் கண்ணுக்குத் தெரியாத மரம் இத்தோட்டத்தில் உண்டா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகள் பழகிய கண்ணை நான் இகழமாட்டேன். ஆனால், குழாயைப் பிடிப்பவர் அவர் அல்லரே! பிடிப்பவருக்குக் கிடைக்கும் கட்டளை, மாலைக்குள் டிரம்மைக் காலி செய்ய வேண்டும் என்பதே. தோட்டக்காரரின் கண் அறிந்த அளவு, குழாயின் முனைவரை சென்று சேர்வதில்லை. அளவை எழுத்தில் தரும் கருவி வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வெளிநாடுகளில் டிராக்டரில் உணரியைப் பொருத்தி, இலையுள்ள இடத்தில் மட்டும் மருந்தைத் திறந்துவிடுகிறார்கள். சமவெளிக்கு அது பொருந்தும். படிக்கட்டுப் போன்ற இம்மலை வயல்களில் டிராக்டர் ஏறாது. ஆகவே அப்பெரும் இயந்திரத்தை இங்கே இறக்குமதி செய்வது வீண் என்பதே என் கருத்து. நமக்கு வேண்டியது கையில் எடுத்துச் செல்லும் கருவி. 2020 முதல் விலை உயர்ந்த சில கைப்பேசிகளிலும் லைடார் வந்துவிட்டது. ஏறத்தாழ 5 மீட்டர் தொலைவுவரை அது அளக்கும். ஊருக்கு ஒரு கருவியைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கட்டும். இலை துளிர்க்கும்போது ஒரு முறையும், விதானம் நிறைந்தபின் ஒரு முறையும் ஒவ்வொரு தோட்டத்தையும் அளந்து, தேவையான டிரம் எண்ணிக்கையைத் தோட்டத்து வாயிலிலேயே எழுதி வைக்கட்டும். குழாய் பிடிப்பவரும் அதனைப் படிக்கட்டும்.

வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, டிரம் குறைந்தால் அந்த அண்ணனுக்கு வேலைநாளும் குறையுமே?” என்றாள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை அவள். அக்கேள்வி அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. கருவியை விற்பவர்கள் இதனைப் பேசுவதில்லை. நானும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மிச்சப்படும் மருந்தின் விலையில் ஒரு பங்கு கூலியோடு சேர வேண்டும். முகக்கவசமும் கையுறையும் அப்பணத்திலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்று இப்போது கருதுகிறேன். தோட்டக்காரரிடமும் கூறினேன். யோசிக்கிறேன் என்றார். அடுத்த மருந்தடிப்பிற்கு முன் எங்கள் மூங்கில் கழியை மட்டும் கேட்டு வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.